டைனமோ போட்டுதோ?

பனிக்காலம் தொடங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி கார் பற்றியவை. மச்சான், மச்சாள், தங்கச்சியின் சிநேகிதி, கலியாண வீட்டில் ஒருமுறை கதைத்த யாரோ ஒரு தம்பி. "அண்ணா, கார் ஸ்ராட் எடுக்குதில்லை. போன மாதம்தான் பற்றரி மாத்தினது. இப்ப ஓல்டனேற்றர் போட்டுது எண்டு சொல்லினம். மாத்தவோ?"

நான் கார் திருத்துபவன் அல்ல. படித்தது பொறியியல், செய்வது கணினி ஆலோசனை. ஒரு நிறுவனத்தின் இணையத்தளம் மெதுவாக ஓடுகிறது என்றால் எங்கே நேரம் தொலைகிறது என்று அளந்து பார்ப்பதுதான் என் தொழில். அளக்காமல் புதுக் கணினி வாங்கிப் பூட்டினால் செலவு மிஞ்சும், பிழையும் அப்படியே இருக்கும். காரின் சார்ஜிங்கும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இந்த முறை எழுதியே வைக்கிறேன். எழுதுவதற்குக் காரணம் போன பனிக்காலத்தில் அப்பாவின் காருக்கு நடந்தது.

அப்பா ஸ்காபரோவிலிருந்து மார்க்கத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவர். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கி காலை ஏழு மணிக்கு முடியும். கார் இல்லை என்றால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், அந்த நேரத்தில் பஸ்ஸும் குறைவு. நவம்பரில் கார் இழுத்து இழுத்து ஸ்ராட் எடுத்தது. கராஜில் புதுப் பற்றரி போட்டார்கள். ஜனவரியில் ஒரு காலை, வேலை முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் மறுபடி அதே இழுவை. கூட வேலை செய்பவர் ஒருவர் தன் காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்ராட் பண்ணிவிட்டார். கராஜில் பார்த்துவிட்டு, "ஓல்டனேற்றர் பலவீனம், மாற்றவேண்டும்" என்றார்கள். கூலியோடு 900 டொலர்.

அது அப்பாவின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் மேல். ஆனால் அவர் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். "டைனமோ போட்டுதாம் தம்பி. வேலைக்குப் போகவேணும், வேற என்ன செய்யிறது?"

உங்கள் வீடுகளிலும் இது நடந்திருக்கும். பல் வைத்தியர், காப்புறுதிக்காரர், கராஜ்காரர் என்று மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஒன்றைச் சொன்னால் எங்கள் அப்பா அம்மாமார் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கேட்கத் தெரியாமல் அல்ல. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள், அல்லது கேட்கும் ஆங்கிலம் அந்த நேரத்தில் வராது. நாங்கள் எட்டு வயதிலிருந்தே அவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். ஆனால் சொல்லப்பட்டது சரியோ பிழையோ என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. அதற்கு ஒரு மீற்றர் வேண்டும்.

சைக்கிள் டைனமோவும் கார் ஓல்டனேற்றரும்

அப்பா இன்றைக்கும் ஓல்டனேற்றரை டைனமோ என்றுதான் சொல்வார். அதற்கு நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து றோட்டுகளில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் இருந்தது நேரோட்டம் தரும் உண்மையான டைனமோதான். என்ஜின் மெதுவாக ஓடும்போது அதிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைவு. 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் வலியன்ற் காரில் ஓல்டனேற்றரைப் பூட்டிய பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள்.

அப்பாவுக்கு நெருக்கமான டைனமோ வேறொன்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரவும் தடை. அப்போது ஊரில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் அந்த டைனமோவில் றேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசை முடியும்வரை கை ஓயக்கூடாது. அப்பா 1992இல் வெளிக்கிடும்வரை அவர்கள் வீட்டில் சுற்றும் வேலை அவருடையது.

ஓல்டனேற்றரைப் புரிந்துகொள்ள அந்தச் சைக்கிளே போதும். டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுற்றுகிறது, பக்கத்தில் ஒரு கம்பிச்சுருள். காந்தத்தின் ஒரு முனை கடக்கும்போது மின்னோட்டம் ஒரு பக்கம் போகும், மறு முனை கடக்கும்போது எதிர்ப்பக்கம். அதாவது ஆடலோட்டம். பெயர் டைனமோ என்றாலும் அது ஒரு குட்டி ஓல்டனேற்றர்தான். லைற் அதில் அப்படியே எரியும். றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். அதனால் அப்பா பழைய றேடியோவில் கழற்றிய நாலு டயோட்களை இடையில் பூட்டினாராம். டயோட் என்பது ஒருவழிக் கதவு, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும்.

கார் ஓல்டனேற்றருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வித்தியாசங்கள் மூன்று. ஒன்று, நடுவில் சுற்றுவது நிரந்தரக் காந்தம் அல்ல, மின்காந்தம். இரண்டு, வெளியே மூன்று சுருள்கள், அவற்றுக்குக் குறைந்தது ஆறு டயோட்கள். மூன்று, ரெகுலேற்றர். அது மின்காந்தத்துக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, என்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வோல்ட் ஒரே அளவில் நிற்கச் செய்கிறது. சைக்கிள் லைற் வேகமாக மிதித்தால் பளிச்சென்றும் மெதுவானால் மங்கியும் எரியும். கார் லைற் அப்படிக் கூடிக் குறையாததற்கு ரெகுலேற்றர்தான் காரணம்.

கடைசியாக ஒன்று. ஓல்டனேற்றரிலிருந்து தடித்த வயர் ஒன்று பியூஸ் வழியாகப் பற்றரியின் பிளஸ் முனைக்குப் போகிறது. அது பாதிச் சுற்றுத்தான். மின்னோட்டம் பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து கறுப்புக் கேபிள் வழியாக என்ஜினின் உடலுக்குத் திரும்பி வரவேண்டும். ஏர்த் என்று சொல்வது அதைத்தான்.

அளக்கும் ஒழுங்கு

சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் ஒன்று போதும். நேரோட்ட வோல்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். பெல்ற் வெடித்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? பற்றரி முனைகளில் வெள்ளை, பச்சைத் தூள் படிந்திருக்கிறதா? சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்ராட் செய்யாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். பற்றரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரியவேண்டும், ஸ்ராட் ஆனதும் அணையவேண்டும். பழைய கார்கள் சிலவற்றில் மின்காந்தத்துக்கு முதல் மின்னோட்டம் அந்தப் பல்ப் வழியாகத்தான் போகும். பல்ப் எரிந்துபோனால் ஓல்டனேற்றர் விழித்துக்கொள்ளாமலே இருக்கலாம்.

அடுத்தது, ஓய்வில் இருக்கும் பற்றரி. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால். ஓட்டி வந்த உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும், நம்பவேண்டாம். 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டு மற்றவற்றை அளவுங்கள். இறங்கிக் கிடக்கும் பற்றரியோடு எடுக்கும் அளவுகள் எல்லாம் குழப்பும்.

மூன்றாவது, ஸ்ராட் செய்யும் கணம். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பற்றரி முனைகளில் மீற்றரை வைத்துப் பார்க்கவேண்டும். அதிகக் குளிரில்லாத நாளில் 9.6க்குக் கீழே இறங்கக்கூடாது. நிரம்பிய பற்றரி இறங்கினால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். பற்றரியில் வோல்ட் நல்லாக நிற்கிறது, ஆனால் என்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால், மின்சாரம் ஸ்ராட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது ஸ்ராட்டரிலேயே பிழை.

நாலாவது, என்ஜின் ஓடும்போது. பெரும்பாலான கார்களில் பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.7 வரை இருக்கும். பிறகு ஹெட்லைற், பின்கண்ணாடிச் சூடாக்கி, காற்றாடி எல்லாவற்றையும் போட்டு, அக்சிலரேற்றரைக் கொஞ்சம் அமத்திப் பாருங்கள். 13.5க்குக் கீழே போனால் எங்கோ பிழை. கடுங்குளிர் இல்லாதபோதும் 15க்கு மேலே ஏறிக்கொண்டு போனால் ரெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம். புதிய கார்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. எரிபொருளை மிச்சம் பிடிக்க, பற்றரி நிரம்பியதும் காரின் கணினியே சார்ஜிங்கைக் குறைத்துவிடும். ஹெட்லைற்றைப் போட்டதும் வோல்ட் ஏறினால் அது பிழையல்ல.

பெரும்பாலும் இந்த நாலோடு நிறுத்திவிடுவார்கள். ஐந்தாவதுதான் அப்பாவின் 900 டொலரைக் காப்பாற்றியது.

ஒரு வோல்ட் எங்கே போகிறது?

ஒரு சனிக்கிழமை பற்றரியை இரவு முழுக்க சார்ஜரில் போட்டோம். அடுத்த நாள் காலை 12.6. அப்பா ஸ்ராட் பண்ண, நான் மீற்றரைப் பார்த்தேன். பற்றரியில் 11 வோல்டுக்கு மேலே நிற்கிறது, ஆனால் என்ஜின் களைத்தவன் மாதிரிச் சுற்றுகிறது. ஓடத் தொடங்கியதும் லைற், சூடாக்கி எல்லாம் போட்டோம். பற்றரி முனைகளில் 13.3. கராஜிலும் இதைத்தான் பார்த்திருப்பார்கள். இதை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஓல்டனேற்றர் மேல்தான் சந்தேகம் வரும். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

பிறகு மீற்றரை ஓல்டனேற்றரிலேயே வைத்தேன். ஒரு முனை அதன் பின்பக்கத்துத் தடித்த வயர் பூட்டிய போல்ற்றில், மற்ற முனை அதன் உலோக உடலில். 14.4.

"அப்பா, டைனமோ ஒழுங்காத்தான் வேலை செய்யுது. இங்க 14.4 இருக்கு. பற்றரிக்கு 13.3தான் போகுது."

ரோச் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப மிச்சம் ஒரு வோல்ட் எங்க போகுது? ஏர்த்தைப் பாரடா தம்பி. சைக்கிளிலயும் உதுதான் பிழைக்கிறது. பெயின்ரைச் சுரண்டாமல் டைனமோ பூட்டினால் லைற் எரியாது."

சைக்கிள் டைனமோவிலிருந்து லைற்றுக்கு ஒரேயொரு வயர்தான் போகும். திரும்பி வரும் வழி சைக்கிளின் சட்டம். டைனமோவைப் பிடிக்கும் துண்டில் ஒரு கூரான ஸ்குறூ இருக்கும். அது பெயின்ரைத் துளைத்து இரும்பைத் தொட்டால்தான் சுற்று முழுமையாகும். காரும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. படித்துப் பட்டம் வாங்கிய நான் வரிசைப்படி அடுத்து அளக்கப்போவது பிளஸ் பக்கம். அப்பா நேரே மைனஸ் பக்கத்துக்குப் போய்விட்டார்.

இந்த அளவீட்டுக்கு ஆங்கிலத்தில் வோல்டேஜ் ட்ரொப் ரெஸ்ற் என்று பெயர். மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒரே பாதையின் இரண்டு அந்தங்களில் வைப்பது, அவ்வளவுதான். நல்ல கேபிள் என்றால் இரண்டு அந்தங்களுக்கும் இடையில் வோல்ட் வித்தியாசம் கிட்டத்தட்ட இராது. வித்தியாசம் இருந்தால், அந்த அளவு அந்தப் பாதையிலேயே சூடாகித் தொலைகிறது. என்ஜின் ஓடவேண்டும், லைற்றுகள் எரியவேண்டும், அப்போதுதான் உண்மை தெரியும். நிறுத்தி வைத்துத் தடையை ஓமில் அளந்தால் ஏமாறுவீர்கள். கேபிளில் நாலு இழைகள் மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீற்றர் பூச்சியம் ஓம் என்றுதான் காட்டும். ஆனால் நாலு இழைகளால் 40 அம்பியரைச் சுமக்க முடியாது.

பிளஸ் பக்கம்: ஓல்டனேற்றர் போல்ற்றிலிருந்து பற்றரியின் பிளஸ் முனைக்கு 0.1 வோல்ட். நல்லது. 0.3 வரைகூடப் பொறுக்கலாம். மைனஸ் பக்கம்: ஓல்டனேற்றர் உடலிலிருந்து பற்றரியின் மைனஸ் முனைக்கு 1.0 வோல்ட். அங்கே 0.2க்கு மேலே இருக்கவே கூடாது. தொலைந்த வோல்ட் அகப்பட்டுவிட்டது.

பிறகு பாதையைத் துண்டு துண்டாக அளந்தோம். பற்றரி முனைக்கும் கேபிளின் கவ்விக்கும் இடையில் ஒன்றுமில்லை. கேபிளின் மறு அந்தத்துக்கும் அது பூட்டிய என்ஜின் உலோகத்துக்கும் இடையில் 0.9. கீழே குனிந்து பார்த்தால் அந்தப் போல்ற்றைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகத் தூள். ரொறன்ரோவில் பனிக்கு றோட்டில் கொட்டும் உப்பு எத்தனையோ வருடங்களாக அங்கே தெறித்திருக்கிறது.

ஒரே பிழை, இரண்டு முகம். சார்ஜ் ஏறும்போது அந்த மூட்டில் ஒரு வோல்ட் தொலைகிறது, அதனால் பற்றரி ஒருநாளும் நிரம்பவில்லை. ஸ்ராட் செய்யும்போது அதே மூட்டு வழியாக நூறு அம்பியருக்கு மேலே போகவேண்டும். அப்போது தொலைவது இன்னும் அதிகம், அதனால்தான் இழுவை. குளிர் கூடினால் பற்றரியின் சக்தி குறையும், என்ஜின் எண்ணெய் தடிக்கும். கோடையில் சமாளித்த கார் ஜனவரியில் கைவிட்டதற்கு அதுதான் காரணம்.

அளவுகளை ஒரு தாளில் எழுதி அதே கராஜுக்கு அப்பாவோடு போனேன். சண்டை பிடிக்கவில்லை. "நாங்கள் இப்படி அளந்தோம், ஒருக்கால் பார்ப்பீர்களா?" என்றுதான் கேட்டோம். அவர் தாளைப் பார்த்தார், தன் மீற்றரைக் கொண்டுவந்து தானும் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். புதுக் கேபிள் போட்டு, மூட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூட்டினார். கூலியோடு 110 டொலர். எல்லா லைற்றும் எரியும்போது பற்றரியில் 14.2. பனிக்காலம் முடியும்வரை அப்பா ஒரு நாளும் பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

ஓல்டனேற்றரே பிழை என்றால்?

அதுவும் நடக்கும். ஓல்டனேற்றரிலேயே அளந்தாலும் வோல்ட் குறைவு, பெல்ற் இறுக்கமாக இருக்கிறது, வயர்கள் நல்லாக இருக்கின்றன என்றால் பிழை உள்ளேதான். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேற்றர் போயிருக்கலாம். உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் பெயறிங்.

டயோட்களுக்குத் தனிச் சோதனை உண்டு. என்ஜின் ஓடும்போது மீற்றரை ஆடலோட்ட வோல்டில் வைத்துப் பற்றரி முனைகளில் அளவுங்கள். 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் ஒரு டயோட் போய்விட்டது என்று எடுக்கலாம். மச்சாளின் காரில் 0.7 காட்டியது. ஒழுகும் டயோட் வழியாக இரவில் பற்றரியும் இறங்கிக்கொண்டிருந்தது. அவ மறுபேச்சில்லாமல் ஓல்டனேற்றரை மாற்றினா. தெரிந்து கொடுக்கும் காசு அது.

சார்ஜிங் எல்லாம் சரி, ஆனாலும் காலையில் பற்றரி இறங்கியிருக்கிறது என்றால், கார் நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. பூட்டிவிட்டு அரை மணிநேரத்துக்கு மேல் விட்டு அளந்தால் பொதுவாக 50 மில்லிஅம்பியருக்குள் இருக்கவேண்டும். டாஷ்கமராவை வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

மாமாமார் யாராவது, "என்ஜின் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டிப் பார், கார் நிண்டால் டைனமோ பிழை" என்று சொல்வார்கள். டைனமோக் காலத்துக் கார்களில் பழகிய வித்தை அது. இன்றைய காரில் செய்தால் ஒரு கணம் வோல்ட் பல மடங்கு பாய்ந்து கணினிகளை எரித்துவிடலாம். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர்த் துளையில் விட்டுவிட்டுப் பற்றரியில் வைக்காதீர்கள், அது நேரடி ஷோர்ட். சால்வை, தொங்கும் கை, மோதிரம், அவிழ்ந்த தலைமுடி வேண்டாம். பெல்ற் பார்த்து இழுக்காது. குளிர் என்று கராஜ் கதவைப் பூட்டிவிட்டு என்ஜினை ஓடவிடாதீர்கள், புகை உயிரை எடுக்கும். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் செம்மஞ்சள் நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது.

இந்தக் கிழமையே செய்யக்கூடியது

மீற்றர் 30 டொலருக்குள் கிடைக்கும். கார் பிழைக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போது நல்லாக ஓடும் காரில் எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து, திகதியோடு எழுதி காருக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு யாராவது ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் ஒன்று இருக்கும். கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: "வோல்டேஜ் ட்ரொப் பார்த்தீர்களா, எவ்வளவு இருந்தது?" நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்.

அளக்கும்போது அப்பாவையோ அம்மாவையோ சித்தப்பாவையோ ரோச் பிடிக்கக் கூப்பிடுங்கள். மின்சாரமே இல்லாத ஊரில் மின்சாரம் செய்து பழகியவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பெயர் பழையதாக இருக்கும். எதற்கும் ஏர்த்தை ஒருக்கால் பாருங்கள்.